அவைக்குறிப்பில் ஏறாத சொல்

ஜேடர்பாளையம்
பிப்ரவரி 20

மாண்புமிகு மக்களவை உறுப்பினர் சாரதாமணி அவர்களுக்கு,

மருதாசலம் எழுதுவது. உங்கள் தொகுதி வாக்காளன், கோழிப்பண்ணைக்காரன். உங்களுடன் பிறந்த அண்ணன் என்பதை இந்தக் கடிதத்தில் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

சபையில் நீங்கள் ஏற்றுமதி பற்றிப் பேசியதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். என் மனைவி கந்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மகன் கௌதமன் டிவிக்குப் பக்கத்திலேயே நின்றான். உலகச் சந்தை, புதிய ஒப்பந்தங்கள், நம் முட்டைக்கு ஆப்பிரிக்காவிலும் கிழக்கு நாடுகளிலும் காத்திருக்கிற வாய்ப்பு என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "புள்ள எவ்வளவு தெளிவாப் பேசுது பாருங்க" என்று கந்தம்மாள்கூடச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியம் வந்தது. சென்ற மாதம் என் மாவட்டத்திலிருந்து போன ஒரு கண்டெய்னர் முட்டை, மருந்தின் எச்சம் இருந்தது என்று வளைகுடாத் துறைமுகத்திலிருந்து திருப்பப்பட்டது என்றீர்கள்.

பெயர் சொல்லவில்லை என்பீர்கள். போன மாதம் இங்கே திரும்பி வந்தது ஒரே கண்டெய்னர். அது கௌதமனுடையது. பொங்கலுக்கு வந்து எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டபோது அவன் வாயால் உங்களிடம் சொன்னது. வீட்டுக்குள் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் நாட்டுக்கே சொல்லிவிட்டீர்கள். மறுநாள் எல்லாச் சேனலிலும் நாமக்கல் முட்டையில் மருந்து என்று எழுத்து ஓடியது. ஏற்றுமதி வியாபாரிகள் யாரிடமும் சரக்கு எடுக்கவில்லை. முட்டைக்காரர் சங்கத்து அங்கமுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் கௌதமன் வீட்டை விட்டுப் போய்விட்டான். போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று வடக்கே போனது, அதில் ஏறிவிட்டான். போன் அணைந்து கிடக்கிறது. ஏற்றுமதிக்கென்றே ஷெட் கட்டி, முட்டையை முட்டையாகப் பார்க்காமல் பிள்ளையாகப் பார்த்தவன், இன்றைக்கு எந்த ஊரில் குழாய் தூக்குகிறான் என்று பெற்றவனுக்குத் தெரியவில்லை.

நம் ஊர் வழக்கம் உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை சாரதா. ஒரு சொல்லை எந்த இடத்தில் சொன்னோமோ அந்த இடத்திலேயே, அதே ஆட்கள் முன்னால் நின்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீயும் சபையில் எழுந்து நின்று அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள். எடுத்துவிட்டாய் என்று தெரிந்தால் அவன் வருவான். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். உனக்கு நான் பண்ணினால் உன் பி.ஏ. தமிழரசு எடுத்து, மேடம் கமிட்டியில் இருக்காங்க என்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மருதாசலம்


புது தில்லி
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதல் வரியிலேயே மூடிவைத்துவிட்டேன். மறுநாள்தான் முழுதாகப் படித்தேன். நீங்கள் என்னை மாண்புமிகு என்று எழுதியது, திட்டியதைவிட வலித்தது.

எனக்குத் தந்தது நான்கு நிமிடம். எங்கள் கட்சிக்குக் கிடைத்த நேரத்தில் பெரியவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது அது. நம் ஊர் முட்டையைச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்றால் மாதிரி வெளியூருக்குப் போய் வரவேண்டியிருக்கிறது, முடிவு வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடுகிறது, தன் சரக்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் விவசாயி அனுப்புகிறான், ஆகவே எங்கள் பகுதிக்கு ஒரு பரிசோதனைக்கூடம் வேண்டும். இதைத்தான் கேட்டேன். வெறுமனே கேட்டால் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள் அண்ணா. கண்டெய்னர் திரும்பி வந்தது என்றதும் அமைச்சர் பேனாவை எடுத்தார். அதை நான் பார்த்தேன்.

எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். மக்களவைச் செயலகத்தில் ஒரு அதிகாரியிடம் கேட்டேன். அவைக்கு ஒவ்வாத சொல்லாக இருந்தால் சபாநாயகர் நீக்குவாராம். தகவல் தவறாக இருந்தால் நான் திருத்தம் தரலாமாம். "இது ரெண்டும் இல்லையே மேடம், நிஜமாத்தானே சொல்லியிருக்கீங்க" என்றார். நிஜமாக இருப்பதை எடுக்க இங்கே வழி இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொங்கலன்று அண்ணி உள்ளே போன பிறகு கௌதமன் என்னிடம், "அத்தை, இதை நீங்க சபையில சொல்லோணும். ஒரு லேப் வந்துதுன்னா எனக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்காது" என்றான். அவன் கேட்டுத்தான் பேசினேன். பேசி முடித்து வெளியே வந்தபோது போனில் அவன் செய்தி காத்திருந்தது. நான் எது பேசினாலும் முதலில் வருகிற செய்தி அவனுடையதுதான். எங்கே தடுமாறினேன், எந்த இடத்தில் குரல் இறங்கியது என்றுகூட எழுதுவான். அன்றைக்கு, "நல்லாப் பேசுனீங்க அத்தை, இனி வழி பொறக்கும்" என்று எழுதியிருந்தான்.

இப்படி எழுதியவன் அதே வாரம் வீட்டை விட்டுப் போகிறான் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. வீட்டில் என்ன நடந்தது அண்ணா?

உங்கள் தங்கை,
சாரதாமணி


ஜேடர்பாளையம்
மார்ச் 9

சாரதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்து ஆட்கள் வந்தார்கள். எல்லோருமாகக் கருப்பணார் கோயிலுக்குப் போனோம், வந்தோம். அவ்வளவுதான்.

அவன் உன்னிடம் அப்படிக் கேட்டான் என்பது எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

வெயில் இப்போதே ஏறிவிட்டது. கோழிகள் தீனி எடுக்கவில்லை. அவன் ஷெட்டில் இருக்கிறதுகளுக்கு அவன் குரல் பழக்கம், நான் உள்ளே போனால் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. சரக்கை உள்ளூர்க் கடைகளுக்குத்தான் தள்ளுகிறேன். கந்தம்மாள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசிக்கலை என்கிறாள். நீ இந்தப் பக்கம் வருவதாகத் தமிழரசு யாரிடமோ சொன்னானாம். நான் அன்றைக்கு ஈரோட்டில் இருப்பேன், வேலை இருக்கிறது.

நிஜமாக இருப்பதை எடுக்க வழியில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படி என்ன சபை அது.

மருதாசலம்


புது தில்லி
மார்ச் 21

அண்ணா,

நீங்கள் ஈரோட்டுக்குப் போன அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தேன் என்பதை அண்ணி சொல்லியிருப்பார். கட்சிக்காரர்களைத் தடுப்பணைப் பக்கமே நிறுத்திவிட்டுத் தனியாகத்தான் வந்தேன். அண்ணி எனக்கு இட்லி ஊற்றிக் கொடுத்தார், அவர் சாப்பிடவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

"சங்கத்துக்காரங்க வாசல்ல உக்காந்துட்டு, உங்க பையன் மருந்து வெச்சானா இல்லையான்னு ஒரே பேச்சுங்க சாமி. அவன், 'நான் வெக்கலீங்க, புதுசா வாங்குன விட்டமின் பொடியிலதான் என்னமோ இருக்குது'ன்னான். யாரும் காதுலயே வாங்கல. உங்கண்ணன் படார்னு எந்திரிச்சு, 'எல்லாரும் கோயிலுக்கு வாங்க, என்ற பையன் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுவான்'னு சொல்லிப்போட்டாரு. அவனை ஒரு வார்த்தை கேக்கல.

"அங்க போயிக் கற்பூரத்தைப் பத்த வெச்சாங்க. இவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். 'அப்பா, நீங்க என்னை நம்புறீங்களா இல்லியா, அதை மொதல்ல சொல்லுங்க'ன்னான். அவரு, 'நான் நம்பறது இருக்கட்டும், மொதல்ல அணை'ன்னாரு. இவன் அசையல. கற்பூரம் தானா எரிஞ்சு அணைஞ்சு போச்சு. பயந்துட்டான்னு சொல்லிட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஊட்டுக்கு வந்து துணியை எடுத்துப் பைக்குள்ள போட்டான். 'போயிட்டு வாரேம்மா'ன்னு எங்கிட்ட மட்டும் சொன்னான்."

அண்ணா, நான் ஒரு கண்டெய்னரைப் பற்றிப் பேசினேன். நீங்கள் அவனைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினீர்கள். நான் சபையில் எழுந்து எதை எடுத்துக்கொண்டாலும் இது எப்படிப் போகும்? உங்கள் மீது எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்து, மேடை ஏற்றி, என் பிள்ளை பேசுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் நீங்கள். என் பேச்சை நம்பிய அளவுக்கு அவன் பேச்சை நம்பவில்லையே.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது. அவன் கேட்டான் என்பதோடு நின்றுவிட்டேன். பேசுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சங்கத்து ஆட்கள் வந்தபோது நீங்கள் அப்படித் திகைத்திருக்க மாட்டீர்கள்.

அமைச்சரிடமிருந்து எழுத்தில் பதில் வந்திருக்கிறது. சோதனைக்கூடம் பரிசீலனையில் இருக்கிறதாம். அது எத்தனை நாளோ தெரியாது. ஆனால் அதிகாரிகள் குழு ஒன்று நம் பகுதிக்கு வந்து முட்டை, தண்ணீர், தீவனம் எல்லாவற்றிலும் மாதிரி எடுக்கப்போகிறது. நம் பண்ணைக்கும் வருவார்கள். கோபத்தில் அவர்களை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

சாரதா


ஜேடர்பாளையம்
ஏப்ரல் 28

சாரதாவுக்கு,

கந்தம்மாள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

நீ எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நாள் பதில் எழுதவில்லை. மேற்கு வரப்பில் பங்காளியோடு சண்டை வந்தபோது நான் போய்க் கற்பூரத்தை அணைத்தேன், அதோடு பேச்சு முடிந்தது. இவனும் அப்படி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவான், ஊர் வாயை மூடிவிடும் என்று நினைத்தேன். அவனைக் காப்பாற்றத்தான் கூட்டிக்கொண்டு போனேன். நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம்தான். அங்கமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசில் ஒரு மூலையில் சந்தேகமும் இருந்தது சாரதா. குளிர் காலத்தில் கோழிகள் இருமின, இவன் ஏதாவது கொடுத்திருப்பானோ என்று. அந்த மூலைதான் வாயைக் கட்டிவிட்டது.

நீ சொன்ன அதிகாரிகள் வந்தார்கள். ஒரு அம்மாவும் இரண்டு பேரும். நான் அவர்களை அனுப்பவில்லை. கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்தார்கள், தீவனம் அள்ளினார்கள், முட்டை எடுத்தார்கள். கிளம்பப் போகும்போது கந்தம்மாள் ஷெட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். வாய் தைத்துக் கட்டியிருந்தது. "என்ற பையன் இதை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டுப் போனானுங்க. இதையும் பாத்துருங்க" என்றாள். அந்த விட்டமின் பொடி. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இப்படி ஒரு மூட்டை அங்கே இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த அதிகாரி அம்மா அதிலிருந்தும் எடுத்து அரக்கு வைத்துக்கொண்டார்.

அவர்கள் போன மறுவாரம் அவன் ஷெட்டுக் கோழிகளைக் கறிக்கு ஏற்றிவிட்டேன். என்னால் பார்க்க முடியவில்லை. கூண்டெல்லாம் கழுவி வைத்திருக்கிறேன்.

உனக்காவது ஏதாவது செய்தி அனுப்பினானா? இந்த இரண்டு மாதத்தில் நீ சபையில் பேசியிருப்பாயே. அதைப் பார்த்து எதுவும் எழுதவில்லையா?

மருதாசலம்


புது தில்லி
ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை நேரில் கொண்டுவந்து கொடுக்க நினைத்தேன். பயணம் தள்ளிப் போகிறது, உங்களைக் காத்திருக்கவைக்க மனமில்லை. அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

நம் தண்ணீரில் எதுவும் இல்லை. மக்காச்சோளத்தில் இல்லை. கந்தம்மாள் அண்ணி இழுத்துவந்த மூட்டையில் இருக்கிறது. அந்தப் பொடியில் உறையில் எழுதாத மருந்து கலந்திருக்கிறது. கப்பலில் போன முட்டையில் கண்டுபிடித்த அதே மருந்து. அதே பொடியை வாங்கிய இன்னும் சில பண்ணைகளிலும் இது வந்திருக்கிறதாம். தயாரித்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கிறார்கள்.

கௌதமன் சொன்னது முழுக்கச் சரி. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். அவனிடமிருந்து செய்தி எதுவும் இல்லை. இரண்டு முறை பேசினேன், இரண்டு முறையும் வெளியே வந்து போனைத்தான் முதலில் பார்த்தேன். தமிழரசு திருச்செங்கோட்டில் விசாரித்ததில் அந்த ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. வண்டி உரிமையாளரோடு நானே பேசினேன். பையன் நன்றாக இருக்கிறான், நல்ல வேலைக்காரன் என்றார். நம்பர் கேட்டேன். "கோவிச்சுக்காதீங்கம்மா, ஊட்டு ஆளுங்க யாருக்கும் குடுக்கவேண்டாம்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டானுங்க" என்றார். ஆனால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் போனில் என் பேச்சைத்தான் போட்டுப் பார்க்கிறான் என்றும் சொன்னார்.

நான் எம்.பி. என்கிற அதிகாரத்தை வைத்து ஆள் அனுப்பி அவனைப் பிடித்துவரச் செய்ய முடியும். செய்யமாட்டேன் அண்ணா. ஏற்கெனவே ஒரு முறை அவனைக் கேட்காமல் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

சாரதா


ஜேடர்பாளையம்
ஜூலை 2

சாரதா,

அறிக்கையைத் திருச்செங்கோட்டில் ஒரு வாத்தியாரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கினேன். அங்கமுத்துவையும் அன்றைக்கு வாசலில் உட்கார்ந்த ஆட்கள் எல்லோரையும் கருப்பணார் கோயிலுக்கு வரச் சொன்னேன். ஒருவர் விடாமல் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பண்ணையிலும் அதே பொடிதான் போட்டிருக்கிறார்கள்.

வாத்தியார் எழுதித் தந்ததை அங்கமுத்துவே வாசித்தார். வாசித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்தேன். "என்ற பையன் சொன்னது நெசமுங்க. நம்பாதது நானுங்க" என்று சொன்னேன். அங்கமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்களுந்தானுங்க மாமா" என்றார். கை பொரிந்துவிட்டது. கந்தம்மாள் எண்ணெய் தடவினாள்.

சொன்ன இடத்திலேயே எடுத்துக்கொண்டேன். வழக்கப்படி எல்லாம் சரி. ஆனால் யார் கேட்கவேண்டுமோ அவன் அங்கே இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இது உறைத்தது. ஊர் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது.

இந்த ஊரில் எந்த இடத்தில் நின்று சொன்னாலும் அவன் காதுக்கு எட்டாது. அவன் கேட்கிற இடம் உன் சபை ஒன்றுதான். நீ பேசுவதைப் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அந்த வாக்கியத்தை எடு என்று உன்னிடம் சண்டை போட்டேன். இப்போது எடுக்கவேண்டாம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வை. நான் சொன்ன அந்த விவசாயி மீது எந்தக் குற்றமும் இல்லை, அவனை நம்பாத அவன் அப்பன் தப்பை ஒத்துக்கொண்டான் என்று சொல். என் பெயரைச் சொன்னாலும் சரி. எனக்கு அதில் வெட்கம் இல்லை.

உன்னிடம் நான் இதுவரை ஒரு சிபாரிசுக்கு வந்ததில்லை. இதை மட்டும் செய்.

மருதாசலம்


புது தில்லி
ஆகஸ்ட் 7

அண்ணா,

நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

புதிய வணிக ஒப்பந்தங்கள் பற்றிய விவாதத்தில் கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கினேன். மூன்று நிமிடம். ராத்திரியெல்லாம் எழுதிக் கிழித்தேன். எந்தெந்த நாடுகளுக்கு நம் முட்டையும் ஜவ்வரிசியும் ஜமக்காளமும் போகலாம், வரி எங்கே தடுக்கிறது, சோதனைக்கூடம் ஏன் இன்னும் வரவில்லை என்று வரிசையாக வைத்துவிட்டு அவனைப் பற்றிய வாக்கியத்தைக் கடைசியில் வைத்தேன். எத்தனையோ வருடமாக மேடையில் அப்படித்தான் பேசிப் பழக்கம். மனசில் நிற்கவேண்டியதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் சின்ன வயதில் சொல்லித் தந்தீர்கள்.

அன்றைக்கு அவையில் ஒரே கூச்சல். நான் எழுந்ததிலிருந்தே எதிரும் புதிருமாகச் சத்தம். இரண்டு முறை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். அதில் நேரம் போய்விட்டது. "சென்ற கூட்டத்தொடரில் நான் குறிப்பிட்ட அந்த விவசாயி" என்று ஆரம்பித்ததும் மணி அடித்தது. அடுத்த உறுப்பினர் பெயரைக் கூப்பிட்டார்கள். என் மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. இனி எதுவும் குறிப்பில் ஏறாது என்று தலைமையில் இருந்தவர் சொன்னது காதில் விழுந்தது. நான் உட்காரவில்லை. நீங்கள் சொல்லச் சொன்னதை முழுதாகச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பேசியதாகவே எடுத்துக்கொண்டு அச்சில் போடுவார்கள். அந்தப் புத்தகத்தை யார் புரட்டப்போகிறார்கள். அவன் வண்டிக்குக் கீழே உட்கார்ந்து போனில் பார்க்கிறவன். அவனுக்குக் கேட்டது, "அந்த விவசாயி" என்பது வரைக்கும்தான். பிப்ரவரியில் ஒரு வாக்கியத்தை நீக்க முடியாது என்று உங்களுக்கு விளக்கம் எழுதினேன். இப்போது ஒரு வாக்கியத்தைச் சேர்க்க முடியவில்லை.

முதல் வரியாக வைத்திருக்கவேண்டும் அண்ணா. வரியும் ஒப்பந்தமும் எங்கே போய்விடப் போகிறது. இருக்கையில் உட்கார்ந்து அழுதேன். அவை ஊழியர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே வந்து போனைப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை.

என்னை மன்னிக்கவேண்டும்.

சாரதா


ஜேடர்பாளையம்
ஆகஸ்ட் 18

அன்புள்ள தங்கச்சி சாரதாவுக்கு,

பார்த்தோம். கந்தம்மாளும் நானும்தான். உன் குரல் நின்ற பிறகும் வாய் அசைந்துகொண்டிருந்தது. அப்புறம் வேறு யாரையோ காட்டிவிட்டார்கள். "சொல்லிப்போட்டா பாருங்க" என்றாள் கந்தம்மாள். எனக்கும் தெரிந்தது. நீ எதற்கும் மன்னிப்புக் கேட்கவேண்டாம். நம்புகிறேன் என்கிற வார்த்தையை நான் அன்றைக்கே கோயிலில் சொல்லியிருந்தால் நீ எங்கேயும் சொல்லவேண்டி வந்திருக்காது.

நேற்று ஒருவர் வந்தார். அந்த ரிக் வண்டியின் மேனேஜர். அங்கே மழை பிடித்துக்கொண்டதால் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் ஊருக்கு வந்துவிட்டார்களாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் கந்தம்மாள் ஈரக் கையோடு ஓடினாள். அவர் மட்டும்தான் இறங்கினார். கௌதமன் வண்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லி அங்கேயே இருந்துகொண்டானாம்.

அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க அத்தை பேசுனதைப் போன்ல பாத்தானுங்க. அந்தக் கடைசி எடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தான். மைக்கு போனதுக்கப்புறம் என்ன சொன்னாங்கன்னு உங்க ஊட்டுல கேட்டுட்டு வரச் சொன்னானுங்க" என்றார்.

நான் சொன்னேன். அவன் மீது எந்தக் குற்றமும் இல்லை என்றாள், அவனை நம்பாத அப்பன் தப்பை ஒத்துக்கொண்டான் என்றாள். அந்த மனிதர் சின்னக் குழந்தை மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒரு இடத்தில் மாறியது, நான் திருத்தினேன். கந்தம்மாள் மூட்டை விஷயத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். அறிக்கையின் நகலையும், அவனுக்குப் பிடிக்கும் என்று பருப்புப் பொடியும் கொடுத்தனுப்பினாள். எப்போது வருவான் என்று கேட்டாள். அது ஒன்றும் சொல்லலீங்க என்றார்.

அவர் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது நான் மட்டும் கூடவே போனேன். "அப்பன் எப்படி இருக்கான்னு ஏதாச்சும் கேட்டானுங்களா?" என்று கேட்டேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அதனால் என்ன, நீ சொன்னதைக் கேட்டானே. அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். சில நேரம் தேறுகிறது.

அடுத்த முறை பேசும்போது அவனைப் பற்றி முதல் வரியிலேயே சொல்லிவிடு. ஊருக்கு வந்தால் நேரே வீட்டுக்கு வா, நான் ஈரோட்டுக்குப் போகமாட்டேன். அதற்கு முன்னால் பேசத் தோன்றினால் போன் பண்ணு. எடுக்கிறேன்.

உன் அண்ணன்,
மருதாசலம்